குங்குமம் நகருமா?

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பரளச்சி டீக்கடையில் ஓசியில் கிடைத்தது. குவாரியில் வெடி போட்டபோது கருத்தப்பாண்டி வீட்டு ஓட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு ஒரு கல் விழுந்தது, அவர் பேத்தி தூங்கிய தொட்டிலுக்குப் பக்கத்தில். "எங்க கல்லு வேலியத் தாண்டவே தாண்டாது" என்றார் குவாரி முதலாளி சங்கரபாண்டியன். தாண்டுவதைப் படமாகக் காட்டினால் குவாரியை மூடுகிறேன் என்றார் விசாரிக்க வந்த கனிமவள அதிகாரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் பார்த்த பூமியில் அன்று வானத்திலிருந்து…' (அடித்துவிட்டேன். எனக்கே கூசியது.)

2
மதுரையில் ஆராய்ச்சி செய்யும் பிரவீணா அந்தப் படத்தை எடுக்க ஒரு கேமராவை இரவல் வாங்கிவந்தாள். அதற்குள் படம் விழுகிற சென்சாரைக் கருப்புத் தகட்டால் மூடி, ஒரு கீற்று மட்டும் திறந்து வைப்பாள். கீற்றில் விழுந்த படம் கண் இமைக்குமுன் தகட்டுக்கு அடியில் நகர்ந்து இருட்டில் பத்திரமாகும். உடனே அடுத்தது விழும். ஒரே வெடிக்கு இருபது படம்.

[இதையே மூன்று பக்கம் விளக்கியிருந்தேன். என் மனைவி ஈஸ்வரி படித்துவிட்டு, "யாரு கேட்டா?" என்றாள்.]

3
சங்கரபாண்டியனை வில்லனாக்க ஆசைதான். ஆனால் மனுஷன் லாரி, ஜேசிபி, தண்ணி மோட்டார் எதையும் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. வெடிக்கு முன்னால் கேமராவில் மாட்டுவதற்காகப் பிரவீணா மேசையில் வைத்திருந்த தகட்டைப் பார்த்தார். "புது மெஷினு, மூளியாவா இருக்கிறது?" என்று சந்தனம், குங்குமம் இட்டுவிட்டார்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று பிரவீணா ஓடிவந்து துடைத்தாள். கீற்றின் விளிம்பில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பக்தியா, பித்தலாட்டமா? நாலு தடவை எழுதிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு… (ஐந்தாவது தடவை இங்கேயே நிறுத்திவிட்டேன்.)

4
இருபது படத்திலும் வேலிக்கு மேலே இரண்டு கரும்புள்ளி. ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னொன்று படத்துக்குப் படம் கருத்தப்பாண்டி வீட்டுப் பக்கமாகப் போகிறது.

"நிக்கிறது குங்குமம். போறதுதான் கல்லு" என்றாள் பிரவீணா.

"ரெண்டும் குங்குமந்தான். ஒண்ணு காத்துக்கு நகந்திருக்கு" என்றார் சங்கரபாண்டியன்.

"கேமராவுக்குள்ள ஏதுங்க காத்து?"

"பாத்தீகளா சார், சாமி குங்குமத்தையே சந்தேகப்படுது இந்தப் பிள்ளை!"

அதிகாரி சட்டென்று செருப்பைக் கழற்றினார். குங்குமத்தைக் கல் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. 'ஐயத்துக்கு இடமுள்ளது' என்று எழுதினார்.

"அப்ப எம் பேத்தி மண்டையில விழுந்தாத்தான் கல்லும்பீகளோ?" என்றார் கருத்தப்பாண்டி. கேமராவை அன்றைக்கே திருப்பித் தரவேண்டும். பிரவீணா அழுதுகொண்டே பஸ்ஸேறினாள்.

5
முடிவு ஒன்று: அதிகாரி மனம் மாறி குவாரியை மூடுகிறார். (சிரிக்காதீர்கள்.)

முடிவு இரண்டு எழுதும்போது ஈஸ்வரி வந்தாள். "என்னங்க, நம்ம வீட்டு அஸ்திவாரக் கல்லுக்கு அந்த முதலாளிக்குப் போன் போட்டீகளா?"

ஆமாம், அதே குவாரிதான். உங்களுக்கு நானும் ஒரு கீற்றைத்தான் திறந்து காட்டினேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அடுத்த வெடி. பேத்தி தூங்குகிற நேரம். எந்தப் புள்ளி கல் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் நாலு லோடு வரவேண்டியிருக்கிறது.