சத்துக்கரைசலில் வளர்ந்தவை

தம்பியை நாங்கள் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். துருப்பிடித்த கம்பி ஒன்று அவன் முழங்கையைக் கிழித்தது. காயம் ஆறியது, காய்ச்சல் ஆறவில்லை. கிருமி ரத்தத்தில் இறங்கி இதய வால்வில் உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

அவனுக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்து கிருமியின் மேலுறையில் ஒட்டி ஓட்டை போடும் வகை. அது ஒட்டாவிட்டால் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அறுவையைத் தாங்குவானா என்பது பாதிக்குப் பாதி.

"அறுத்துடலாம் அண்ணி," என்றாள் அவன் மனைவி. "மருந்து மருந்துன்னு நாள்தான் போகுது."

"ரெண்டு நாள் பொறு. நான் பாத்துச் சொல்றேன்."

சொல்லத் தகுதியானவள் என்றே நினைத்தேன். பாக்டீரியாவின் மேலுறை கொழுப்பால் ஆனது. எந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. டாக்டரம்மாவே அவன் கிருமியை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். சொந்தக்காரர் விஷயம், வேறு யாராவது செய்யட்டும் என்றார் எங்கள் தலைவர். நான் விடவில்லை.

எங்களிடம் எல்லாக் கிருமியும் ஒரே சத்துக்கரைசலில்தான் வளரும். அப்போதுதான் பழைய வரைபடங்களோடு ஒப்பிட முடியும். தம்பியின் கிருமியையும் அப்படியே வளர்த்து, சுழற்றி அடியில் படியவைத்து, கொழுப்பைக் கரைத்தெடுத்து, கருவியில் ஏற்றினேன். வரைபடத்தில், கொழுப்புக்கு ஒன்றாக, வழக்கமான முகடுகள் வழக்கமான இடங்களில் எழுந்தன. மருந்து கலந்த குழாயில் கிருமிகள் ஒரு மணி நேரத்தில் செத்தன.

"என்னக்கா, உன் பூச்சிங்க என்ன சொல்லுது?" என்றான் தம்பி.

"கொழுப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"உன் தம்பியோட பூச்சியாச்சே. கொழுப்புக்குக் குறைச்சல் இருக்குமா?"

அவன் மனைவியும் சிரித்தாள். "நீங்க சொன்னா சரி அண்ணி," என்றாள். அறுவை தள்ளிப்போனது.

நான்காம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் எடுத்த ரத்தம் அவன் கட்டிலருகே குழாயில் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு கீழே படிய, மேலே சீரம் மஞ்சளாய்த் தெளிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் உடம்பில் ஏது எங்கள் சத்துக்கரைசல்?

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் மீந்த சீரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அதே கிருமியை அதில் வளர்த்தேன். மறுநாள் வரைபடத்தில் நான் அறிந்த முகடுகள் குன்றிக் கிடந்தன. பக்கத்தில் உயரமாக ஒரு முகடு நின்றது. அந்தக் கிருமிக்குத் தானாகச் செய்யத் தெரியாத கொழுப்பு அது. மனிதக் கொழுப்பு. என் தம்பியின் ரத்தத்திலிருந்து எடுத்துத் தன் உறையில் கோத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் அதே அளவு மருந்தை விட்டேன். ஒரு மணி நேரம் ஆனது, ஆறு மணி நேரம் ஆனது. கிருமிகள் சாகவில்லை.

டாக்டரம்மா வரைபடத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலைக்கே அறுவைக்கூடத்தைக் கேட்டார். தம்பியிடம் நானே சொன்னேன்.

"தப்பாச் சொல்லிட்டேன்டா."

"விடுக்கா. எனக்கும் கத்தின்னா பயம். நீ சொன்னது வசதியா இருந்துச்சு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அறுவைக்குத் தயார்செய்யும்போது வால்விலிருந்து கிருமிக் கட்டி ஒன்று பிய்ந்து மூளைக்குப் போனது. பத்தரைக்கு உயிர் போய்விட்டது.

நடைவழி பெஞ்சில் அவன் மனைவி கேட்டாள்: "நீங்க மொதல்ல பாத்தது வேற பூச்சியா அண்ணி?"

"அதே பூச்சிதான். நான்தான் அதுக்கு வேற சாப்பாடு போட்டு வளத்துட்டேன்."

"அன்னைக்கே அறுத்திருந்தா?"

"பாதிக்குப் பாதி."

"அந்தப் பாதிய நீங்க எடுத்துக்கிட்டீங்க," என்றாள். குரல் உயரவில்லை. அவன் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கையெழுத்துப் போட ஒரு தாள் இருந்தது. அதை என்னிடம் நீட்டாமல் தானே போட்டாள்.