மினுங்காத தண்ணீர்

ஓவர்சியர் காந்திமதிநாதன் பென்ஷன் வாங்கிச் சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகும், தன்னைக் கேட்காமல் அரசாங்கம் எதையும் செய்துவிடாது என்ற நம்பிக்கையில்தான் இருந்தார். ஆகவே ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி ஊரில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், குருவிகுளம் பக்கத்து வானம் பார்த்த காட்டுக்கு வரப்போகிற நீர்த்தேக்கத்தை மாடலாகச் செய்து தர முடியுமா என்றும் தாசில்தார் ஆள் அனுப்பிக் கேட்டபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு தாமதமாகக் கேட்டதில்தான் கொஞ்சம் வருத்தம்.

நூறடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துச் செய்தார். தேக்குப் பலகையில் அணை, மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிச் செய்த மரங்கள், நடுவில் நல்ல நீலத்தில் தண்ணீர். மதகுகள்கூட ஏறி இறங்கின. வேலை சுத்தம் என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வர்ணம் உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் பூச வேண்டியிருந்தது. அந்த வார்னிஷ் மினுங்கவே கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். என்றோ மெட்ராஸில் சீப் இன்ஜினீயரின் அறைக்கு வெளியே காத்துக் கிடந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அணையின் மாடலைப் பார்த்திருந்தார். அதில் எதுவும் மினுங்கவில்லை. அன்று கடைசிவரை உள்ளே கூப்பிடவில்லை என்பதை மறைத்துவிட்டு, சீப் இன்ஜினீயரே தனக்கு அதை விளக்கிச் சொன்னதாக ஊரில் பேசிவந்தார்.

மனைவி முத்துமீனாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, தண்ணீர் என்றால் மினுங்கத்தானே செய்யும் என்று கேட்டாள்.

“ஏட்டி, மினுங்குனா அது புள்ளைக வெளாடுத செப்புச் சாமான். மினுங்காட்டாத்தான் மாடல். ஒனக்கு வெளங்காது,” என்றார்.

பஜாரில் பெயிண்டுக் கடை வைத்திருந்த தாவீது, யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத மனிதர். தூசி தட்டி ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். மங்கலாக்கும் பொடி அடியில் தங்கிப்போயிருக்கும், அடிவரை கலக்கிவிட்டு லேசாகப் பூச வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஊர் ஊராகச் சுண்ணாம்பும் சிமெண்டும் கலக்கவைத்த தனக்குக் கலக்கச் சொல்லித்தருகிற அளவுக்கு ஒரு கடைக்காரன் வளர்ந்துவிட்டான் என்று காந்திமதிநாதனுக்கு எரிச்சல். கலக்காமல்தான் பூசினார். காய்ந்ததும் நீர்த்தேக்கத்தில் அவர் முகம் தெரிந்தது. மீசை தனியாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். தாவீது கோபப்படவே இல்லை. அடியில் இருப்பதைக் கலக்கி இன்னொரு கை லேசாகப் பூசுங்கள், ஆனால் மழைக்காற்றில் மட்டும் வேண்டாம், ஸ்பிரிட் வார்னிஷ் ஈரம் பட்டால் வெளுத்துவிடும் என்று சொல்லி, கையோடு ஒரு புதுப் பிரஷையும் விற்றார். காந்திமதிநாதன் அதில் இன்னொரு கை என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி மாதம். மழைக்கு ஏங்கிக் கிடக்கும் அந்தச் சீமையில் அன்றைக்கென்று பார்த்து வானம் இருட்டிக்கொண்டு தூறியது. விடிந்தால் கண்காட்சி. டப்பாவின் அடியில் இருந்த குழம்பை அப்படியே வழித்து, தோசைக்கு மாவு ஊற்றுகிற மாதிரி நீர்த்தேக்கத்தின் மேல் ஊற்றித் தேய்த்தார். மினுமினுப்பு போய்விட்டது. கூடவே நீலமும் போய்விட்டது. அவர் கண்முன்னாலேயே தண்ணீர் வெளிறி வெளிறிச் சாம்பல் நிறமானது.

தாவீது சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளுத்ததற்கு ஈரம்தானே காரணம், சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று தீர்மானித்தார். முத்துமீனாளைக் கரி போடச் சொல்லி, கனன்ற இஸ்திரிப் பெட்டியைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். வெளுப்பு போகவில்லை. பளீர் பளீரென்று வெடிப்புகள் விட்டன. கரையோரம் தொடங்கி நடுக்குளம் வரைக்கும் ஓடின. முத்துமீனாள் எட்டிப் பார்த்து, இப்போது மினுங்கவில்லை என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வேறு வழியில்லாமல் மறுநாள் மாடலின் மேல் ஒரு ஜரிகைத் துண்டைப் போர்த்திக் கண்காட்சிக்கு எடுத்துப்போனார். மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். கூட்டம் சேர்ப்பதற்காகக் குருவிகுளத்திலிருந்து விவசாயம் பார்க்கும் சம்சாரிகளை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். தாசில்தார் துண்டை விலக்கினார். விலக்கியவர் கையிலேயே துண்டு நின்றுவிட்டது.

முன்வரிசையில் நின்ற துரைப்பாண்டி என்ற சம்சாரி குனிந்து உற்றுப் பார்த்தார்.

“நம்ம ஊரு காஞ்ச கம்மாயில்லா இது. வெடிப்புகூட தப்பாம வச்சிருக்காரு.”

லாரியில் வந்த கூட்டம் முழுதும் சிரித்தது. தாசில்தாரின் முகம் மாடலைவிட வெளுத்தது. அதிகாரி காந்திமதிநாதன் பக்கம் திரும்பி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். காந்திமதிநாதனுக்குப் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாய் அவருக்கு முன்னால் போய்விட்டது.

“திட்டத்துக்கு முன்னால உள்ள நெலம, சார்.”

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். போகிற இடமெல்லாம் வரப்போகிறதையே காட்டுகிறார்கள், இருப்பதைக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை என்று பாராட்டினார். இந்த வெடிப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று விசாரித்தார். அது பல வருஷ அனுபவம், சொல்லிப் புரியவைக்க முடியாது என்றார் காந்திமதிநாதன். திட்டத்துக்குப் பின்னால் உள்ள மாடலையும் அவரே அடுத்த வருஷம் செய்துதர வேண்டும் என்று உத்தரவானது. கழுத்தில் மாலை விழுந்தது.

எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, அப்போ தண்ணி எப்ப வரும் என்று துரைப்பாண்டி கேட்டார்.

“அதத்தான்வே சொல்லுதாரு. அடுத்த வருசம் மாடல் வருது,” என்றார் தாசில்தார்.

அடுத்த வருஷம் அதிகாரி மாற்றலாகிப் போனார். நீர்த்தேக்கத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாகப் பேச்சு. வெடித்த பழைய மாடலைத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் வைத்தார்கள். மனு கொடுக்க வந்து நாள் முழுக்கக் காத்திருக்கும் சம்சாரிகள் அதன்மேல் சும்மாடுத் துணியைக் காயப்போட்டார்கள். காந்திமதிநாதன் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துணிகளை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் யார் நின்றாலும் அந்த வெடிப்பு எவ்வளவு நுட்பமான வேலை என்று விளக்குவார். அவர்களும் வேறு வேலை இல்லாததால் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.