ஆப் இன்னும் முடியல

டீமின் ஜூனியர் சக்திவேலின் செய்தி வந்தபோது சுந்தரவல்லி ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஸ்கூட்டரோடு ஒரு காலை ஊன்றி நின்றிருந்தாள். 'ஆப் இன்னும் முடியவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்' என்று பவ்யமான இங்கிலீஷில் இருந்தது. மறுநாள் காலை கஸ்டமருக்கு ஆப்பைக் காட்டியாக வேண்டும். இவனானால் சாவகாசமாக நாளைக்குப் பார்ப்பானாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பவ்யம் சக்திவேலுடையது அல்ல. இவர்கள் எழுதுவது முரட்டுத்தனமாக இருக்கிறதென்று வெளிநாட்டுக் கஸ்டமர் முகம் சுளித்ததிலிருந்து, மேனேஜர் பத்ரி டீமின் சாட்டில் ஓர் ஏஐயை உட்கார வைத்திருந்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எப்படித் தட்டினாலும் அது மடிப்புக் கலையாத இங்கிலீஷாக்கி அனுப்பிவிடும். டீமில் அதற்கு 'இஸ்திரி' என்று பேர். சுந்தரவல்லிக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. வீட்டிலும் ஆபீசிலும் நாள் முழுக்க எல்லோரையும் தாங்கித் தாங்கிப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது. அந்த வேலையையாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டுமே.

'கதை விடாத. இன்னிக்கே முடி' என்று தட்டினாள். பின்னாலிருந்த வேன்காரர் ஹாரனை அலறவிட்டார். செய்தி எப்படிப் போனதென்று பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

மறுநாள் விடிவதற்குள் ஆப் வந்துவிட்டது. கஸ்டமருக்கு ஏக சந்தோஷம். "பையன் கலக்கிட்டான் வல்லி, ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார் பத்ரி. அவளும் சிரித்துக்கொண்டே போன் போட்டாள்.

"அப்பா தவறிட்டாருக்கா" என்றான் சக்திவேல்.

"ஐயோ, என்னடா சொல்ற? ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னேனேக்கா. அப்பாக்கு முடியலன்னு போட்டேனே."

அவள் சாட்டைத் திறந்து அவன் தட்டிய மூலத்தைத் தேடினாள். 'appaku mudiyala ka, nalaiku pakren.' பாவி இஸ்திரி, அப்பாவை ஆப் ஆக்கிவிட்டிருந்தது. அதன் கீழே அவள் பேரில் போன பதில்: 'உங்கள் நிலைமை நன்றாகப் புரிகிறது. இருந்தாலும், இன்றே முடித்துத் தந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.'

"புரியுதுன்னு சொல்லிட்டு கேக்குறீங்க, அதுக்கு மேல என்னத்தக்கா சொல்றது" என்றான். குரலில் கோபமே இல்லை. "ஆஸ்பத்திரி படிக்கட்டுல ஒக்காந்து முடிச்சேன். மேல போறதுக்குள்ள போயிட்டாரு."

வண்டலூரில் சக்திவேலின் வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தார்கள். சுந்தரவல்லியைக் கண்டதும் யாரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். சக்திவேலின் அம்மா தானே எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் அந்த டீச்சரம்மா மாதிரி எழுதுற பொண்ணா? தமிழ்ல படிச்சுக் காட்டினான்மா. நீ போய் முடிச்சுக் குடுத்துட்டு வாடான்னு நான்தான் அனுப்புனேன். இவ்ளோ மரியாதையா கேக்குறாங்க, எப்பிடிம்மா மாட்டேன்றது?"

அது தன் வார்த்தை இல்லையென்று சொல்லச் சுந்தரவல்லி வாயெடுத்தாள். தன் வார்த்தை எதுவென்று அப்போதுதான் நினைவு வந்தது: 'கதை விடாத.' அவள் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்த அம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிடித்த கையை விடவில்லை.