கூட்டிய பிறகு கேட்ட கேள்வி

மருந்து ஏற்றும் பம்ப் சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அளவு எல்லை மீறியதும் அது கூப்பாடு போட்டிருக்க வேண்டும். சோதனை மேசையில் குழாய் வழியாகப் போனது வெறும் தண்ணீர்தான். ஆனாலும் அதற்கு நிரல் எழுதிய அவன் சட்டென்று எட்டி நிறுத்தினான்.

"அலாரத்துக்கு வரி எழுதினியா, இல்ல எழுதினதா நெனச்சுக்கிட்டியா?" என்றாள் சோதனைப் பிரிவுக்காரி. ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"கண்ணு முன்னாடி இருக்கு, பாரு."

திரையில் இருந்தது. புது அளவைக் கூட்டு, கூட்டிய தொகை முன்பைவிடக் குறைந்திருந்தால் எண் தாங்கும் எல்லையைத் தாண்டிக் கணக்கு தலைகீழாகிவிட்டது, அலறு. அவன் கணினியில் ஓட்டியபோதெல்லாம் அலறியது. வேகத்துக்காகச் சுருக்கிப் பம்புக்குள் ஏற்றினால் ஊமை. எழுதிய வரிகளை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தான். கூட்டல் இருந்தது. குறைந்ததா என்ற கேள்வியைக் காணோம்.

கம்பைலர்மேல் பழி போட முடியாது. எல்லை தாண்டிக் கூட்டினால் என்ன ஆகும் என்று அந்தக் கணினி மொழியின் விதிகள் சொல்வதில்லை. என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அது எழுதியவன் தலைவலி. அதனால் கம்பைலர் அவனை முழுசாக நம்பிவிட்டது. இவன் எல்லை தாண்டவே மாட்டான். தாண்டாதவரை, கூட்டினால் தொகை குறையாது. அப்புறம் குறைந்ததா என்று கேட்பானேன்? தூக்கிவிட்டது.

"கேட்டுட்டுக் கூட்டணும், சாமி. செஞ்சு முடிச்சப்புறம் கேக்குறதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள் பூதக்கண்ணாடி.

அவன் கேள்வியைக் கூட்டலுக்கு மேலே கொண்டுபோனான். இன்னும் எவ்வளவு இடம் மிச்சம், இந்த அளவு அதற்குள் அடங்குமா, அப்புறம் கூட்டு. பம்ப் காது கிழிய அலறியது.

அவனுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்திருந்தது. மேலாளர் மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். காலையில் வீட்டில் பேச்சை மட்டும் எடுத்து வைத்திருந்தான். வழக்கமாக வெளியே சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம், "உனக்கு ஓகேதானே?" என்பான். இப்போதிருக்கும் வீடு, பழைய கார், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அப்படித்தான். முதலில் அவள் சண்டை போட்டாள். பிறகு 'ம்' என்றாள். பிறகு அந்த 'ம்'மும் நின்றுபோனது. ஒத்துப்போகிற குணம் என்று நினைத்து அவன் நிம்மதியாக இருந்துவிட்டான்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கதவைத் திறந்ததும் அட்டைப்பெட்டி காலில் இடித்தது. பரணில் கிடந்ததையெல்லாம் மனைவி இறக்கியிருந்தாள். தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊருக்குப் போலாமா?" என்றான்.

"லாரி என்னைக்கு வருது?"

"இல்லம்மா, கேக்குறேன். போலாமா, வேண்டாமா?"

"அதான் கேட்டாச்சுல்ல. லாரி என்னைக்கு?"

"நான் இன்னும் சரின்னு சொல்லல."

டேப்பை இழுத்த கை நின்றது. பெட்டிக்கும் சுருளுக்கும் நடுவே டேப் விறைப்பாக நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒட்டுவதா, வெட்டுவதா என்று தெரியாதவள்போல டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் அவன் காலடியில்தான் கிடந்தது. அவள் கேட்கட்டும் என்று அவன் குனிந்து எடுக்கவில்லை.