வலது கைத் தாம்பூலம்

சித்திரையில் என் மனைவி சாவித்திரிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அன்றிலிருந்து அவளை வெளியார் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். நானே சோறு பிசைந்து ஊட்டினேன், தலை வாரினேன். குடவாசல் வட்டாரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் இடது கையால் ஒரு டம்ளர் மோர்கூட யாருக்கும் நீட்டியதில்லை.

ஆவணியில் மகள் விஜயலட்சுமிக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியம்மாளுக்குப் பெண்ணின் தாய்தான் தாம்பூலம் கொடுக்க வேண்டும். என் தங்கையைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன்.

அதற்கு முன், ஆனியில் ஒரு ஞாயிறு காலை அமெரிக்காவிலிருந்து மகன் பிரபு பேசினான். தொண்ணூற்றாறில் போனவன். மூளை செல்களை ஆராய்கிறான்.

"டாக்டர் சொன்ன பயிற்சிய அம்மா செய்யறாங்களாப்பா?"

"அவளுக்கு எதுக்குடா சிரமம்? மகாராணி மாதிரி வெச்சிருக்கேன்."

"அதாம்ப்பா தப்பு. ஒரு நரம்பு செல் இன்னொன்ன சந்திக்கிற இடம் பலப்பட்டாத்தான் கை திரும்பப் பழகும். அதுக்குச் சக்தி வேணும். அதைத் தயாரிக்கிறது செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா. எங்க வேலை நடக்குதோ அங்க போய் உட்காரும். நீங்க ஊட்டிக்கிட்டே இருந்தா அதுக்கு அங்க என்ன ஜோலி?"

"பெத்தவள வேலை வாங்கச் சொல்லத்தான் படிக்க வெச்சேனா?"

ரிசீவரை வைத்தேன். சாவித்திரி கேட்டுக்கொண்டிருந்தாள். கைதான் விழுந்ததே தவிர வாய் விழவில்லை.

"இடது கையால குடுத்தா கேவலம். உள்ள பூட்டி வெச்சா மட்டும் கௌரவமா? அந்த முறத்த எடுத்தாங்க."

அரிசியில் நெல் பொறுக்க உட்கார்ந்தாள், வலது கையால். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு நெல். உதவப் போனேன்.

"கைய எடுங்க" என்றாள்.

பத்தாம் நாள் ஏழு நெல். ஆடி முடிவதற்குள் ஒரு பிடி அரிசியை விரல்கள் மூடின. அன்று நானே பிரபுவை அழைத்தேன்.

"டேய், உன் ஆளுங்க வந்து உட்கார்ந்துட்டாங்க போலருக்கு."

"உள்ள போய்ப் பாத்தீங்களாக்கும்!" என்று சிரித்தான்.

தங்கையிடம் விருந்துக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் பூவம்மாள் முன் சாவித்திரி நின்றாள். வெற்றிலை பாக்கை வலது கையில் எடுத்தாள். ஒரு பாக்கு கீழே உருண்டது. சபையே பார்த்தது. என் கை தானாகத் தாங்கப் போனது.

"கைய எடுங்கங்கறேன்."

எல்லோருக்கும் கேட்டது. சபையில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எடுத்துக்கொண்டேன்.

"மெதுவாக் குடுங்க சம்பந்தி, நான் எங்கயும் ஓடிடல" என்று பூவம்மாள் முந்தானையை ஏந்தினார்.

வெற்றிலை அதில் விழுந்தது.