கட்டிலுக்கு வந்த பூசை மணி

1.

இந்தக் கதை ஒரு கேவலமான எண்ணத்திலிருந்து பிறந்தது. நேற்று நல்லமுத்து அண்ணன் சுவரைப் பிடித்தபடி தனியாகக் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார். கால் தடுமாறியது. ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். ஆனால் ஓடுவதற்கு முன்பு ஒரு கணம், 'விழுந்தால் நல்ல கதை' என்று தோன்றியது.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை, இரவு வேலை ஒத்துவராமல் பாதியில் விட்டவன் நான். இப்போது பினாங்கு ஜார்ஜ் டவுனில் நோயாளிகளின் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்: தொண்டைத் துளையில் வைத்த குழாயை எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி விழாமல் நடமாடுவது. விழாமல் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

2.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் மாலை வெயில் பொன்னாக

[வேண்டாம். மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருப்பவருக்கு வெயில் எதற்கு.]

நல்லமுத்து அண்ணன் பாசாரில் மீன் விற்றவர். தெருமுனை வரை கேட்ட குரல். தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது இல்லை. போன வாரம் அவர் மனைவியிடம் சொன்னேன்:

"அண்ணனால கூப்பிட முடியாதுக்கா. எந்திரிக்கணும்னா அடிக்க, கைக்கு எட்டுற மாதிரி ஒரு மணி வைங்க."

புஷ்பவள்ளி அக்கா சாமி மேடையிலிருந்து மணியை எடுத்து வந்தார். "வீட்ல இதான் இருக்கு தம்பி. சாமி கோவிச்சுக்காது லா."

கொஞ்ச நேரத்தில் அண்ணன் அடித்தார். அதற்குள் அடுப்படிக்குத் திரும்பியிருந்த அக்கா, பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சாந்தினி வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இந்த நேரத்துல பூசை?"

"பூசை இல்லடி. அண்ணனுக்கு ஒன்னுக்கு வருதாம்."

"அப்ப தீபாராதனை எப்போ?"

சிரித்தோம். நானும்தான்.* அண்ணன் மணியைக் கவிழ்த்து வைத்தார்.

* முதல் வரைவில் சாந்தினி மட்டும் சிரித்தாள்.

3.

நேற்று அவரைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தபோது, தலையணைக்கடியில் அந்த மணி கிடந்தது. அதன் நாக்கைச் சுற்றி ஒரு துணி, இறுக்கமாக. தொண்டைக் குழாய்க்கு அடியில் வைக்க நான் கொடுத்த துணிதான். அவரே கட்டியது.

வேறு மணி வாங்கலாமே என்பீர்கள். இன்று காலை வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் பாடுவது. அண்ணன் அதை என் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டார். சிக்கல் மணியில் இல்லை.

4.

முடிவு ஒன்று: அவர் விழுகிறார். ஈரத் தரை, பிடுங்கிக்கொண்ட குழாய், சத்தமே இல்லாத அலறல். இதை நன்றாகவே எழுதினேன். அழித்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. [அழிக்கவில்லை.]

முடிவு இரண்டு: அவர் மணி அடிக்கிறார். எல்லோரும் அன்போடு ஓடிவருகிறார்கள். கிளினிக் சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. மணி நாக்கின் துணியை அவிழ்த்துவிட்டேன். அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். மூத்திரம் முட்டுகிறது. ஒரு கை மணியின் பக்கம். ஒரு கால் செருப்பைத் துழாவுகிறது.

அறையில் நீங்களும் இருக்கிறீர்கள். சாந்தினி தீபாராதனை என்றபோது சிரித்தீர்களா? அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.