வின்னிபெக்கில் காதலன் இல்லாதவன்

'கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகியும் உங்களுக்குத் துணை என்று யாருமில்லை. ஆகவே, உகாண்டாவில் ஓர் ஆணைக் காதலித்தீர்கள் என்பதை நம்ப இயலவில்லை.'

என் அகதி மனுவை நிராகரித்த அதிகாரி இப்படித்தான் எழுதியிருந்தார். இன்று கோர்ட் அதை ரத்து செய்யாவிட்டால், கம்பாலாவுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

கோர்ட் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசுவா முன்னாலேயே வந்து நின்றான். இறைச்சி ஆலையில் என் பக்கத்து மேசைக்காரன். மனைவி, பிள்ளைகள் உள்ளவன். புது சூட். ஊரைக் கூட்டும் சென்ட்.

"என்னடா, மாப்பிள்ளை கோலம்?"

"நான்தாண்டா உன் காதலன், கிசிட்டோ. ஜட்ஜ்கிட்ட சொல்லப்போறேன்."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அவதான் டை கட்டிவிட்டா. 'பாவம் கிசிட்டோ, இதைவிட நல்லதா கிடைக்கலையா'ன்னு சிரிக்கிறா."

என் வக்கீல் இங்கிரிட் சிரிக்கவில்லை.

"பொய் சாட்சி சொன்னா இருக்கிறதும் போயிடும், வாசுவா. தவிர, இங்க புதுசா யாரையும் விசாரிக்க மாட்டாங்க. அன்னிக்கு அந்த அதிகாரி முன்னாடி இருந்த சாட்சியத்தை அவர் ஒழுங்காப் பார்த்தாரான்னு மட்டும்தான் பார்ப்பாங்க."

"அப்ப கிசிட்டோ?"

"அவரும் பேச முடியாது."

உள்ளே என்னைப் பற்றி இருவர் வாதாடினார்கள். நீதிபதி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. செத்தவனைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

"தனியாக இருந்ததற்குக் காரணமே கூறவில்லையே?" என்றார் அரசு வக்கீல்.

இங்கிரிட் எழுந்தார். "கூறியிருக்கிறார். காதலன் லுபேகாவைத் தெருவில் அடித்துக் கொன்றார்கள். அடித்தவர்களில் இவருடைய சொந்த அண்ணனும் ஒருவர். அதற்குப் பிறகு யார் அருகில் வந்தாலும் பயம் என்று விசாரணையில் சொன்னார். உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!"

நீதிபதியின் பேனா நின்றது.

மதியமே தீர்ப்பு. நிராகரிப்பு ரத்து.

"ஜெயிச்சிட்டோம்டா!" வாசுவா கட்டிப்பிடிக்க வந்தான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். விரித்த கையை மெல்ல இறக்கினான்.

"அகதின்னு ஏத்துக்கிட்டாங்களா?" இங்கிரிட்டிடம் கேட்டேன்.

"இல்ல. வேற அதிகாரி புதுசா விசாரிப்பார். நீங்க முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லணும்."

வாசுவா ஆலைக்கு ஓடினான். நான் பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லிப் பார்த்தேன். "அவன் பேரு லுபேகா..."

அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்மணி நகர்ந்து நின்றாள்.